ஒரு சதத்தின் கணக்கு

கடைத்தெருவிலே ஒரு சத நாணயத்தைக் காண்பது இன்று அரிது. ஆயினும், கணக்கேட்டிலே அது இன்னும் உயிருடன் இருக்கின்றது. பரீட்சை மீதியின் இருபக்கமும் ஒரு சதத்தால் ஒவ்வாது போயின், அதனைத் தேடும் எழுதுவினைஞர் மாலை முழுவதையும் இழக்க நேரும். பிறநாட்டு நாணயத்தில் வரையப்படும் விலைப்பட்டியல்களில் இவ்வேறுபாடு எழுவது பெரும்பாலும் எவரது பிழையினாலும் அன்று, மட்டந்தட்டலின் இயல்பினாலேயாம்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். கொழும்பு வணிகர் ஒருவர் வெளிநாட்டுக் கடையொன்றுக்குக் கறுவா, மிளகு, கராம்பு ஆகியவற்றை அனுப்புகின்றார். அவற்றின் விலை முறையே 12.15, 40.68, 25.21 டொலர், மொத்தம் 78.04 டொலர். ஒரு டொலர் 300.17 ரூபா எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிச் சதத்துக்கு மட்டந்தட்டினால் 3,647.07, 12,210.92, 7,567.29 ரூபா வரும். இவற்றின் கூட்டுத்தொகை 23,425.28. மொத்த டொலரை ஒரே முறையில் மாற்றினாலோ 23,425.27 ரூபாவே கிடைக்கும்.

இவற்றுள் எது சரி? வாங்கியவர் கடன்பட்டது 78.04 டொலர். ஆகவே, அவர் கணக்கில் 23,425.27 ரூபாவையே பற்றெழுத வேண்டும். எஞ்சிய ஒரு சதத்தை மட்டந்தட்டல் வேறுபாட்டுக் கணக்கில் பற்றெழுதலாம்; அல்லது மிகப் பெரிய வரியாகிய மிளகின் தொகையிற் குறைக்கலாம். எம்முறையைக் கைக்கொண்டாலும் என்றும் அதனையே கைக்கொள்ளல் வேண்டும்.

இதனை நாணய மாற்று இலாபத்தோடு கலத்தலாகாது. பணம் வந்துசேரும் நாளில் டொலர் 301.17 ரூபாவாக உயர்ந்திருப்பின், வணிகருக்கு 78.04 ரூபா மிகுதியாகக் கிடைக்கும். அது வீதம் மாறியதன் பயன். மட்டந்தட்டலோ வீதம் மாறாதபோதும் எழுவது.

ஐரோப்பிய நாடுகள் 1999 ஆம் ஆண்டு யூரோவை ஏற்றபோது இதனைச் சட்டத்தாலேயே ஒழுங்குபடுத்தின. ஒரு யூரோ 1.95583 ஜேர்மன் மார்க் என்றவாறு, மாற்று வீதங்கள் ஆறு பொருளுடைய இலக்கங்களில் நிறுவப்பட்டன. வீதத்தைச் சுருக்குவதும், தலைகீழாக்கிப் பெருக்குவதும் விலக்கப்பட்டன. இறுதித் தொகையை மட்டந்தட்டலாம். சரிபாதியாயின் மேல்நோக்கியே செல்லவேண்டும்.

மட்டந்தட்டலுக்கு ஓர் எல்லையுண்டு என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது. ஒவ்வொரு மாற்றத்திலும் பிழை அரைச் சதத்தை மிஞ்சாது. மேற்காட்டிய பட்டியலில் மூன்று வரிகளும் ஒரு மொத்தமுமாக நான்கு மாற்றங்கள் உள. எனவே வேறுபாடு இரண்டு சதத்தைத் தாண்டாது. ஐந்து சதம் வேறுபடின், வீதம் தவறாக எழுதப்பட்டிருக்கும். அன்றேல் வேறொரு பிழை நேர்ந்திருக்கும். மேலும், மட்டந்தட்டல் சிலவேளை கூட்டும், சிலவேளை குறைக்கும். மாதந்தோறும் ஒரே பக்கத்திற் பெருகும் வேறுபாட்டுக் கணக்கு ஆராயப்படவேண்டியதொன்று. சிறு தொகை என்று அதனைப் புறக்கணிக்கும் நிலையத்தில், பெரும் தவறும் அதே பெயரின் கீழ் ஒளிந்துகொள்ள இடமுண்டாகும்.