‘வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்’

கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிப்போய் வருகிற பெண், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்கிறாள். கணவன் பக்கத்திலேயே நிற்கிறான். குன்றத்தூர் முதல் ஒரகடம் வரை எந்த கேஷுவாலிட்டியிலும் கேட்கக்கூடிய பதில்தான். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் ‘தவறி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று எழுதிவிட்டால், நாளை அவள் கோர்ட்டுக்குப் போகும்போது அந்த வரியே அவளுக்கு எதிராக நிற்கும்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. நாட்டின் சராசரி 29தான். கம்பெனி வேனில் ஷிப்டுக்குப் போய்ச் சம்பாதிப்பதால் மட்டும் ஒரு பெண் தப்பிவிடுவதில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறையே என்கிறது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. புகார் இல்லை என்று சொல்லி மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது. குடும்ப வன்முறை அறிக்கை அதுவரை பதிவாகவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதை எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மும்பை பாந்த்ராவின் பாபா மாநகராட்சி மருத்துவமனையில் 2000இல் தொடங்கிய ‘திலாசா’ மையம், அங்கிருந்த ஊழியர்களையே பயிற்றுவித்து, வன்முறைக்கு ஆளான பெண்களை அடையாளம் கண்டு துணை நிற்க மருத்துவமனையால் முடியும் என்று செய்துகாட்டியது. நம் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில், குடும்ப வன்முறைக்கு எதிராக இயங்கும் பி.சி.வி.சி. அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் பெண்களுக்குத் துணை நிற்கிறார்கள்.

இந்த வேலைக்கான அடிப்படை நர்சிங் படிப்பிலேயே இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் ஐந்தாம் பருவத்தில் தடயவியல் செவிலியமும் சட்டமும் 20 மணி நேரப் பாடம். பாடம் படித்தால் போதாது, பேசிப் பழக வேண்டும். "பிரஷர் பாக்கணும், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சார்" என்று கணவனை அனுப்பவும், "வீட்ல யாராச்சும் அடிக்கிறாங்களாம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கவும் வாய் பழக வேண்டும். "நீ என்ன பண்ணினே?", "அனுசரிச்சுப் போம்மா" ஆகிய இரண்டும் அறவே கூடாது. வடமாநிலத் தொழிலாளியின் மனைவிக்கு அவள் கணவனையே மொழிபெயர்ப்பாளராக வைப்பது அதைவிட ஆபத்து.

இது நர்சிங் மாணவியின் பாதி; மற்ற பாதி சமூகப்பணி மாணவரின் வேலை. மாவட்டச் சமூக நல அலுவலகம் எங்கே, ராத்திரி தங்க இடம் எது, ஆதாரையும் ரேஷன் கார்டையும் யார் வீட்டில் கொடுத்துவைப்பது என்று அவளோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வீட்டை விட்டு வருவதா, வேண்டாமா என்பது அவள் முடிவு. நாம் அவசரப்படுத்தக் கூடாது.

போரூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே இத்தனை நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. முதல்வர்களே, உங்கள் மாணவிகளையும் சமூகப்பணி மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இந்தக் கல்வியாண்டிலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஓ.பி. அறையிலும் பெண்களுக்கான உதவி எண் 181 கண்ணில் படும்படி இருக்கட்டும்.