துரத்தும் நாயை நிற்கப் பழக்கலாம்

விதைத்த உளுந்தும் மக்காச்சோளமும் முளைவிடும் நாட்களில் மயில் கூட்டம் இறங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு சிப்பிப்பாறையோ கன்னியோ இருந்தால், அதை அவிழ்த்துவிட்டு 'பிடி' என்று ஏவுவது கரிசல்காட்டில் பலருக்கும் பழக்கம். மயில் பறந்துவிட்டால் சரி. நாய் கவ்விவிட்டால்? வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, நாயை விட்டுத் துரத்திப் பிடிக்க முயல்வதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. முயலும் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர்தான். மயில் விதை தின்ற கோபம் நியாயமானது. அதற்காக ஜெயிலுக்குப் போக முடியாது.

நாயைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த இனங்கள் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. மூக்கைவிடக் கண்ணை நம்புபவை. எதிரே ஏதாவது அசைந்தால் பாய்ந்துவிடும். ஓட்டம் பிடித்தபின் எசமானின் குரல் காதில் ஏறாது. ஓடத் தொடங்குவதற்கு முந்தைய நொடியில்தான் நிறுத்த முடியும்.

அந்த நொடியைக் கையாள்வதில் தேர்ந்தவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பறவை வேட்டைக்கு நாய் பழக்குபவர்கள். அங்கே பாயின்டர், செட்டர் என்ற இனங்கள் கவுதாரி, காடை போன்ற பறவைகளை மோப்பத்தால் கண்டுபிடித்ததும், பாயாமல் சிலைபோல் நின்றுவிடும். அப்படி நிற்பது பிறவிக் குணம். ஆனால் பறவை படபடவென்று எழும்பும்போதும், துப்பாக்கி வெடிக்கும்போதும் இடம்விட்டு நகராமல் இருப்பது மாதக்கணக்கில் பழக்கியதால் வருவது. எவ்வளவு நல்ல மோப்பம் இருந்தாலும், நிற்கத் தெரியாத நாயை அங்கே யாரும் நம்பிக் கூட்டிப்போக மாட்டார்கள். நம் நாய்களுக்கு அந்தப் பிறவிக் குணம் கிடையாது. பழக்கும் முறை மட்டும் அப்படியே பொருந்தும்.

குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே சோற்றுத் தட்டை வைக்குமுன் விசில் ஊத வேண்டும். விசில் கேட்டால் சோறு என்பது பதிந்துவிடும். 3 மாதம் ஆனதும் தட்டைக் காட்டி 'நில்' என்று சொல்லி, ஒரு நொடி நின்றால் சோறு. பிறகு 5 நொடி, 10 நொடி என்று கூட்டலாம். இதே வயதில் ஆடு, கோழிகளுக்கு நடுவே குட்டியைக் கையில் பிடித்தபடி உலவவிட வேண்டும். சிறுவயதில் கூடவே பழகியதைப் பெரிதானபின் துரத்துவது குறைவு.

5, 6 மாதத்தில் வயலுக்குக் கூட்டிப்போகும்போது 30 அடிக் கயிறு கட்டாயம். கழுத்தில் கட்டக் கூடாது. இந்த இனங்களின் கழுத்து மெலிந்தது, தலை குறுகலானது. வேகமாக ஓடிச் சுண்டினால் கழுத்து அடிபடும், அல்லது பட்டை உருவிக்கொண்டு போகும். நெஞ்சைச் சுற்றி அகலமான வார் போட்டு, கயிற்றை அதில் கட்டுங்கள். முதலில் வெறும் வயலில் பழக்க வேண்டும். அதில் தேறியபின் ஆடு மேயும் இடம், கடைசியாக மயில் தூரத்தில் தெரியும் இடம். காது நிமிர்ந்து, உடம்பு விறைத்து, பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும்போதே 'நில்' என்று சொல்லி விசில் ஊத வேண்டும். திரும்பி வந்தால் கருவாட்டுத் துண்டோ வேகவைத்த ஈரலோ கொடுங்கள். ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். காலையும் மாலையும் வெயில் தாழ்ந்த நேரத்தில். ஒரு வயது வரை கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

பலரும் கெடுத்துக்கொள்வது ஓர் இடத்தில்தான். ஓடிப்போன நாய் அரைமணி கழித்துத் திரும்பி வந்ததும் கோபத்தில் அடிப்பார்கள். ஓடியதற்கு அடித்ததாக நாய்க்குப் புரியாது. வந்ததற்கு அடித்ததாகவே புரியும். அடுத்த முறை கூப்பிட்டால் பத்தடி தள்ளியே நிற்கும்.

காட்டுப்பன்றிக்கு வெடி போடும் ஊர்களில் இன்னொரு வேலையும் உண்டு. குட்டி சாப்பிடும்போது தூரத்தில் தகரத்தைத் தட்டி, பல நாள் கழித்துச் சற்று அருகில் தட்டிப் பழக்க வேண்டும். வேட்டை நாயைத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்குவதும் இப்படித்தான். எடுத்த எடுப்பில் காதருகே வெடித்தால் பயம் ஆயுளுக்கும் போகாது.

"3 வயது நாய் ஏற்கெனவே துரத்துகிறதே?" என்ற கேள்விக்கு: திருத்தலாம், முழுதாக நம்ப முடியாது. மயிலும் முயலும் மேயும் விடியலிலும் அந்தியிலும் கட்டிவையுங்கள், மற்ற நேரத்தில் கயிற்றோடு பழக்குங்கள். பகல் முழுக்கக் கட்டிப்போட்டு இரவில் அவிழ்க்கும் வழக்கம் வேண்டாம். அடைபட்ட வேகமெல்லாம் ராத்திரியில் வயல் தாண்டி ஓடும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில் ஒன்று, கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஊசி அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.