காபீலின் நஃப்ஸ்: இனப்படுகொலை நூல்களை வாசிப்பது குறித்து

அல்மாயிதா அத்தியாயத்தின் 27 முதல் 31 வரையிலான திருவசனங்கள் ஆதம் (அலை) அவர்களின் இரு புதல்வர்களது செய்தியை எடுத்துரைக்கின்றன. காபீல், ஹாபீல் என்னும் பெயர்கள் வசனங்களில் இல்லை; விரிவுரைகளின் வாயிலாகவே அவற்றை நாம் அறிகிறோம். மனித குலத்தின் முதற் கொலையைக் கூறும் இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் 30ஆவது வசனத்தின் ஒரு வினைச்சொல்லில் நாம் சற்றே நின்றுவிடுவதுண்டு. கொன்றுவிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். மற்றவன் பதிலுக்குக் கைநீட்ட மறுத்து இறையச்சத்தை நினைவூட்டுகிறான். அதன் பிறகு உடனே கொலை சொல்லப்படவில்லை. கொல்வதற்கு முன் அவனுடைய நஃப்ஸ் அவனுக்கு ஏதோ ஒன்றைச் செய்கிறது. அந்தச் செயலைக் குறிக்கும் சொல்தான் 'தவ்வஅத்'.

கீழ்ப்படிதல், இணங்கிப்போதல் என்னும் பொருளுடைய 'தவ்உ' என்பதிலிருந்து பிறந்த சொல் இது. நஃப்ஸ் அவனுக்குத் துணிவூட்டியது என்று முஜாஹித் (ரஹ்) அவர்களும், அதனை அழகாக்கிக் காட்டியது என்று கதாதா (ரஹ்) அவர்களும் பொருள் கொண்டதாகத் தபரீ பதிவு செய்கிறார். ஸமக்ஷரீயோ, அக்கொலையை அவனுக்கு விசாலமாக்கி இலகுவாக்கியது என்கிறார். துணிவு, அழகு, இலகு. இம்மூன்றில் எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். நீண்ட காலம் இலக்கண நூல்களைக் கொண்டே இதற்கு விடை கூறிவந்தோம். இப்போது அவ்விடையில் வேறு சில நூல்களும் சேர்ந்துவிட்டன.

இறுதியாண்டு மாணவர் ஒருவர் நம் மேசையில் கிடந்த அத்தகைய நூலொன்றைப் புரட்டிவிட்டு, "ஹஜ்ரத், இதையெல்லாம் படிப்பதால் துன்யாவுக்கும் பயனில்லை, ஆகிரத்துக்கும் பயனில்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கொடுமைகளை வாசிப்பதில் ஒருவகை இழிந்த சுவையும் உண்டு. விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடுவதைப் போன்றது அது. அந்தச் சுவைக்காக எழுதப்பட்ட நூல்களும் உள்ளன. அவற்றை நாம் பரிந்துரைக்கவில்லை.

அவர் புரட்டியது அமெரிக்க வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் 1992இல் வெளியிட்ட 'சாதாரண மனிதர்கள்' என்னும் ஆய்வு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் திரட்டப்பட்ட 101ஆம் சேமக் காவற்படையைப் பற்றியது. சுமார் 500 பேர். பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள், போர்முனைக்கு அனுப்ப இயலாத நடுத்தர வயதினர், துறைமுகத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், எழுத்தர் போன்றோர். 1942 ஜூலை 13 அதிகாலையில் போலந்தின் யூஸெஃபூவ் என்ற சிற்றூருக்கு இவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். படைத்தலைவர் வில்ஹெல்ம் ட்ராப் கண்ணீர் மல்கப் பேசினார். அவ்வூர் யூதர்களுள் வேலைக்குத் தகுந்த ஆண்களைப் பிரித்தெடுத்துவிட்டு, பெண்கள், குழந்தைகள், முதியோர் அனைவரையும் சுட வேண்டும் என்பது கட்டளை. பிறகு, தம்மால் இயலாது எனக் கருதும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் அவர் அறிவித்தார். முன்வந்தோர் ஏறக்குறையப் பன்னிருவரே. அன்று மாலைக்குள் சுமார் 1,500 பேர் காட்டில் கொல்லப்பட்டிருந்தனர். இடையில் வேறு சிலர் ஒதுங்கினர், ஒளிந்தனர், வேண்டுமென்றே குறிதவறிச் சுட்டனர். பெரும்பான்மையோர் செய்து முடித்தனர்.

1960களில் மேற்கு ஜெர்மனியில் நடந்த விசாரணையின்போது இவர்கள் அளித்த வாக்குமூலங்களே பிரவுனிங்கின் மூலாதாரம். அவற்றுள் ஒன்றை வாசித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஓர் உலோகத் தொழிலாளி, தாம் குழந்தைகளை மட்டுமே சுட்டதாகக் கூறுகிறார். பக்கத்திலிருந்தவர் தாயைச் சுடுவார். தாயில்லாமல் குழந்தை வாழ முடியாது. ஆகவே அதனை விடுவிப்பதாகத் தம் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாராம். ஸமக்ஷரீயின் 'இலகுவாக்கியது' என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எங்கும் கண்டதில்லை. அம்மனிதரின் நஃப்ஸ் இரக்கம் என்ற பெயரையே வழியாக்கிக்கொண்டது.

முதல் நாளில் நிலைகுலைந்து, உண்ணாமல் குடித்துக் கிடந்தவர்கள் சில வாரங்களில் பழகிப்போயினர். அடுத்த ஊரில் சுடும் வேலையின் பெரும்பகுதியைத் துணைப்படையினர் ஏற்றனர். இவர்கள் வளைத்துப் பிடித்துக் கொடுத்தனர். பிறகு ரயிலில் ஏற்றி அனுப்பினர். வேலை பங்கிடப்பட்டபோது பாரமும் குறைந்துபோயிற்று. இப்படை சுட்டும், ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பியும் பறித்த உயிர்கள் குறைந்தது 83,000 என்பது பிரவுனிங்கின் கணக்கு. ஆயுதமற்றோரைச் சுட மறுத்ததற்காக எவரும் கடுந்தண்டனை பெற்றார் என்பதற்கு ஒரேயொரு சான்றைக்கூட எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை.

இதே ஆவணங்களை ஆராய்ந்த டேனியல் கோல்ட்ஹாகன் 1996இல் வேறொரு முடிவைச் சொன்னார். சகாக்களின் முன் கோழையாகத் தோன்ற அஞ்சியதைப் பிரவுனிங் வலியுறுத்த, இவரோ தலைமுறைகளாக ஊட்டப்பட்ட யூத வெறுப்பே அவர்களைக் கொலைகாரர்களாக்கியது என்றார். இருவரும் கடுமையாக வாதிட்டனர். கதாதாவின் 'அழகாக்கியது' ஒருபுறமும் முஜாஹிதின் 'துணிவூட்டியது' மறுபுறமுமாக அவ்விவாதம் நமக்குப் பட்டது. நம் முஃபஸ்ஸிர்கள் இவற்றை ஒன்றையொன்று மறுப்பனவாகக் கொள்ளவில்லை. ஒரே நஃப்ஸின் பல தொழில்களாகவே அருகருகே வைத்தனர். நாமும் அப்பக்கமே சாய்கிறோம்.

யூதர்கள் கொல்லப்பட்ட வரலாற்றை வாசிக்க நம்மவர்களிடம் ஒரு தயக்கம் இருப்பதை அறிவோம். பலஸ்தீன மக்களின் துயரம் நம் நெஞ்சிலிருப்பதே காரணம். எனினும் ஓர் அநீதியை மறைப்பது மற்றோர் அநீதிக்குச் சாட்சியாகாது. போஸ்னியா குறித்த நூல்களை நாம் தேடி வாசிக்கிறோம். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதைக் கண்ணீருடன் பேசுகிறோம். அங்கேயும் கொன்றவனின் பக்கத்தை வாசித்தோர் சிலரே. போஸ்னிய செர்பியப் படையிலிருந்த ட்ராஜென் எர்டெமோவிச் என்ற குரோவேசிய இளைஞன், ஜூலை 16 அன்று பிரான்யெவோ பண்ணையில் தான் ஏறக்குறைய 70 பேரைச் சுட்டிருக்கலாம் என ஹேக் தீர்ப்பாயத்தில் ஒப்புக்கொண்டான். முதலில் மறுத்ததாகவும், இரக்கமிருந்தால் நீயும் அவர்களோடு வரிசையில் நில் என மிரட்டப்பட்டதாகவும் கூறினான். உயிருக்கு அஞ்சிச் செய்தது அப்பாவிகளைக் கொன்ற குற்றத்திலிருந்து முழுமையாக விடுவிக்காது என 1997இல் மேல்முறையீட்டு அமர்வு பெரும்பான்மை முடிவாக அறிவித்தது; நிர்ப்பந்தத்தைக் கருத்தில் கொண்டு 1998இல் தண்டனை ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது. நம் ஃபிக்ஹு நூல்களில் 'இக்ராஹ்' என்னும் நிர்ப்பந்தம் பற்றிய பாடத்தைப் படித்தோர்க்கு இது புதிதன்று. நிர்ப்பந்திக்கப்பட்டாலும் நிரபராதியைக் கொல்வது ஆகுமானதன்று என்பதில் இமாம்கள் ஒன்றுபடுகின்றனர். பழிக்குப் பழி யார்மீது என்பதிலேதான் கருத்து வேறுபாடு. தன்னுயிரும் பிறனுயிரும் சமம் என்பதே அதன் அடிப்படை.

நமக்கு மிகக் கடினமான வாசிப்பு இனிமேல்தான் வருகிறது. 1988 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை இராக் அரசு தன் குர்து மக்கள்மீது நடத்திய படுகொலைக்கு 'அன்ஃபால்' என்று பெயரிட்டது. திருமறையின் எட்டாவது அத்தியாயத்தின் பெயர்! கொன்றோரில் மிகப் பெரும்பாலோரும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டோரில் மிகப் பெரும்பாலோரும் முஸ்லிம்கள். 50,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. குர்துகள் 1,82,000 என்கின்றனர். கதாதாவின் சொல்லை நினைத்துக்கொள்கிறோம். வேதத்தின் பெயரைவிட அழகான போர்வை எது?

இதைப் பற்றி இராக்கியரான கனான் மக்கியா 1993இல் 'கொடுமையும் மௌனமும்' என்ற நூலை எழுதினார். முதற்பாதி கொடுமை, மறுபாதி அதைக் கண்டும் வாய்திறவாத அரபு அறிவாளர்களின் மௌனம். பின்னாளில் 2003 அமெரிக்கப் படையெடுப்பை அவர் ஆதரித்தார். அதனை நாம் ஏற்கவில்லை. அதற்காக அவர் பதிவுசெய்த சாட்சியங்கள் பொய்யாகிவிடா. அவற்றுள் ஒன்று 12 வயதுச் சிறுவனுடையது. தாயுடனும் சகோதரிகளுடனும் தெற்குப் பாலைவனத்தின் குழியொன்றில் சுடப்பட்டு, காயத்துடன் இரவில் தவழ்ந்து தப்பியவன் அவன். பதவீ அரபுக் குடும்பமொன்று அவனை ஏற்று, தன் உயிரைப் பணயம் வைத்து ஈராண்டுகளுக்கும் மேல் ஒளித்துக் காத்தது. அவன் மொழிகூட அவர்களுக்குத் தெரியாது.

அந்நாட்களில் அரபு ஏடுகள் நம் கல்லூரிக்கும் வந்துகொண்டுதான் இருந்தன. நாமும் வாசித்தோம். அன்ஃபால் என்று ஒரு படுகொலை நடந்ததை நாம் அறிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து, ஆங்கில நூலொன்றின் வழியாக. நம்பத் தயங்கினோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம்மவர்மீது பிறர் கட்டும் கதையாக இருக்கும் என எண்ணியபோது நம் நஃப்ஸும் ஒன்றை நமக்கு இலகுவாக்கிக்கொண்டிருந்தது.

2019இல் ஸமாவா பாலைவனத்தில் அத்தகைய குழியொன்று தோண்டப்பட்டது. வெளிவந்த எச்சங்களுள் பெரும்பாலானவை பெண்களுடையவையும் குழந்தைகளுடையவையும். குர்து உடைகளைக் கொண்டே முதலில் அடையாளம் கண்டனர். மண்ணைக் கிளறிக் காட்டிய காகத்தின் வசனத்தை அவ்வாண்டு வகுப்பில் நடத்தியபோது இச்செய்தியையும் சேர்த்துச் சொன்னோம். நூலைப் புரட்டிய அம்மாணவர் பாடம் முடிந்தபின் வந்து, யூஸெஃபூவில் விலகி நின்ற பன்னிருவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு பணிக்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்டார்கள் என்றோம். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்று கூறி, நூலை அவரிடமே கொடுத்தனுப்பினோம்.