எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?

மின்சுடலை ஏற்பாடுகள்: கெடா குடும்பங்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

சாவு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் "எப்படி இறந்தார்" என்ற கேள்விக்கு அடுத்தபடியாகக் கேட்பது, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்பதைத்தான். துக்கத்திலும் பதற்றத்திலும் யாரோ ஒருவர் "நாலு மணிக்கு" என்று சொல்லிவிடுகிறார். அது வாட்ஸ்அப்பில் பரவி, ஈப்போ வரைக்கும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் பெர்மிட் கையில் இருக்காது, மின்சுடலையில் யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள். நீர்மாலையும் வாய்க்கரிசியும்தான் நேரத்தைத் தின்கின்றன என்று இளையவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. என் கணக்கில், சடங்கைவிடக் காகிதமே அதிக நேரத்தை விழுங்குகிறது. முதலில் பெர்மிட், அடுத்து மின்சுடலை நேரம், அதற்குப் பிறகே அறிவிப்பு என்ற வரிசை மாறாமல் இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

வீட்டிலேயே இறந்துவிட்டார். முதலில் எங்கே போவது?

பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு. இறந்தவரின் அடையாள அட்டை, புகார் கொடுப்பவரின் அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், அவர் சாப்பிட்டுவந்த மருந்துகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நெடுநாள் நோயாளி என்பதற்கு அந்த மருந்துப் பையே பேசும். இயற்கை மரணம்தான் என்று போலீசார் திருப்திப்பட்ட பின் அடக்கத்துக்கான பெர்மிட் கிடைக்கும். "பெர்மிட் மெங்குபுர்" என்று பெயர் இருப்பதால் புதைப்பதற்கு மட்டும்தானோ என்று சிலர் குழம்புகிறார்கள். எரிப்பதற்கும் அதே தாள்தான். அது இல்லாமல் எந்த மின்சுடலையும் பெட்டியை உள்ளே வாங்கக் கூடாது.

மருத்துவமனையில் இறந்தால், சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம், அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா, கூலிம், பாலிங் என எங்கேயானாலும், மரணத்தை உறுதிசெய்யும் பத்திரம் அங்கேயே தயாராகும். பத்திரத்தை வாங்கியதும் பெயரையும் அட்டை எண்ணையும் வரி வரியாகச் சரிபாருங்கள். ஊருக்கே பாப்பாத்தி அக்காவாக இருந்தவருக்கு அட்டையில் வேறு பெயர் இருக்கும். தோட்டத்துக் கிராணி அந்தக் காலத்தில் எழுதிய எழுத்துப்பிழை சாகும்வரை கூடவே வந்திருக்கும். பிறகு திருத்த அலைவதைவிட அங்கேயே ஐந்து நிமிடம் நிற்பது மேல்.

விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத திடீர் மரணம் என்றால் போலீஸ் உத்தரவின்பேரில் பிரேதப் பரிசோதனை நடக்கலாம். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி நடப்பது, குடும்பத்தின் சம்மதத்துக்காகக் காத்திருக்காது. உடல் கைக்கு வரும் நேரம் தெரியாமல் மின்சுடலையில் நேரம் எழுதாதீர்கள்.

வெள்ளி, சனியில் இறந்தால் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கோ சனி, ஞாயிறுதான் விடுப்பு. இந்தக் குறுக்கு வெட்டுதான் குழப்பத்துக்குக் காரணம். "தேசியப் பதிவிலாகா மூடியிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலீஸ் நிலையத்துக்கு விடுமுறை கிடையாது. பெர்மிட் கிடைத்துவிட்டால் எடுக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணத்தைப் பதிய 7 நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பதிந்து, இறந்தவரின் மைகார்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். வங்கி, சேமநிதி என்று ஒவ்வொரு முகப்பிலும் கேட்பார்கள் என்பதால் நகல்கள் சிலவற்றை அன்றே எடுத்துவையுங்கள்.

மின்சுடலையின் கதை வேறு. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், சுடலைகளைத் தாமே நடத்தவும் மற்றவர்களுக்கு உரிமம் தரவும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. எனவே ஓரிடத்தில் மன்றம், இன்னோரிடத்தில் ஆலயமோ சங்கமோ என்று நிர்வாகம் மாறும். கட்டணமும் கடைசி நேரமும் அதற்கேற்ப மாறும். மன்ற அலுவலகம் மூடியிருக்கும் நாளில் முன்பதிவை யார் எழுதுவார், அவருடைய கைப்பேசி எண் என்ன என்பதைச் சாவு விழாத ஒரு நாளில் ஆலயத் தலைவர் கேட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கலாம். செலவில்லாத வேலைதான். ஏனோ பலர் செய்வதில்லை.

சனிப் பிணம் தனிப் போகாது என்கிறார்களே?

நம்பிக்கையை விவாதிக்கச் சாவு வீடு இடமில்லை. சனிக்கிழமைப் பிணத்தோடு துணைக்குக் கட்டும் கோழிக்குஞ்சுக்குப் பதில் தேங்காய் கட்டினால் போதும் என்று பெரியவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தேங்காயை உலைக்குள் விடாதீர்கள். உள்ளே 800 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம். முழுத் தேங்காயின் நீர் ஆவியாகி வெடிக்கும். வாசலிலேயே எடுத்துவிடுங்கள்.

அவருக்குப் பிடித்த மதுப் புட்டி, வாசனைத் தைலம், சிகரெட் லைட்டர், கைப்பேசி எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். மிக முக்கியமானது இதயத்தில் வைத்த பேஸ்மேக்கர். அதன் மின்கலம் சூட்டில் வெடிக்கும். 1976இல் இங்கிலாந்தின் சோலிஹல் நகரச் சுடலையில் அப்படி வெடித்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. மருத்துவமனையிலேயே அகற்றச் சொல்லுங்கள். வீட்டில் இறந்தவர் என்றால் பெட்டிக்காரரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

ராகு காலம் பார்த்து எடுக்க வேண்டும். காலண்டரில் ஞாயிறு 4.30 முதல் 6 வரை என்றிருக்கிறதே?

அந்தக் கணக்கு, சூரியன் காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு மறையும் என்று வைத்துக்கொண்டு போட்டது. ராகு காலம் என்பது உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து வரும் ஒரு பங்கு. கெடாவிலோ சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது, சில மாதங்களில் ஏழரையை நெருங்கிவிடும். போதாததற்கு 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஆகவே உதயம் 7.15 என்றால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 5.45 முதல் 7.15 வரை வரும். சனிக்கிழமை 9 முதல் 10.30 என்று அச்சிட்டிருப்பது இங்கே 10.15 முதல் 11.45.

தமிழ்நாட்டுக் காலண்டரை அப்படியே படித்து, நல்ல நேரத்தை விட்டுவிட்டு ராகுவிலேயே எடுக்கும் வீடுகள் உண்டு! பண்டாரத்திடம் உள்ளூர் உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் மின்சுடலையில் காலியாக இருப்பது ஒரே நேரம்தான் என்றால், அந்த நேரத்துக்கு ஏற்ப வீட்டிலிருந்து நகர்த்தும் வேளையை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் முடியும். ராகு தொடங்குமுன் உடலை வாசல் தாண்டி இறக்கிவிட்டு, வாய்க்கரிசியை வெளியே வைத்துக்கொள்ளும் வழக்கம் பழையதுதான்.

நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

பின்னாலிருந்து. நான்கு மணிக்கு உலை என்றால், சுடலையில் கடைசிச் சடங்குக்கு அரை மணி. பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செம்மண் பாதையைக் கடந்து சுங்கைப்பட்டாணி நெரிசலில் புகுந்து வர முக்கால் மணி. இரண்டே முக்காலுக்கு வண்டி நகர வேண்டும். உறுமி மேளத்தோடு தெருமுனைவரை நடப்பது, வாய்க்கரிசி, கடைசி முகம் பார்த்தல் எல்லாவற்றுக்கும் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். அப்படியானால் ஒன்றரைக்கு நீர்மாலை முடிந்திருக்க வேண்டும். உறவுகளுக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றரை மணியைத்தான், நான்கு மணியை அல்ல.

ஓர் உடல் எரிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், உலை ஆற வேண்டும். நீங்கள் ஒரு மணி நேரம் பிந்தினால் உங்களுக்கு அடுத்த குடும்பம் வெயிலில் பெட்டியோடு நிற்கும். இந்த வேலையை ஒருவர் கையில் கொடுங்கள். மகன் வேண்டாம், அவர் அழட்டும். மருமகனோ தாய்மாமனோ போதும்.

மகள் கொள்ளி வைக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. சட்டத்தில் தடை இல்லை. முதல் நாள் இரவே பேசி முடித்துக்கொள்ளுங்கள், உலை வாசலில் பங்காளிகள் வழக்காடும் விஷயமாக விடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து மகன் வர வேண்டும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

ஜொகூர் பாருவிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு நெடுஞ்சாலையில் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், எல்லைப் பாலத்து நெரிசல் தனி. நம் வெயிலில் ஒரு நாளைத் தாண்டினால் குளிர்ப்பெட்டியோ எம்பாமிங்கோ தேவை. மாலைவரை பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றால் காலம் கடந்துவிடும். காலையிலேயே பெட்டிக்காரரிடம் சொல்லுங்கள்.

அங்கிருந்து வரும் பிள்ளைகள், ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கோபப்படுவார்கள். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் மருத்துவர் உறுதிசெய்தாலே மரணம் தானாகப் பதிவாகிவிடுகிறது, மண்டாய் சுடலைக்கு இணையத்திலேயே நேரம் எடுக்கலாம். அந்தப் பழக்கத்தில் அவர்களாகவே ஒரு நேரத்தை அறிவித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டிலேயே செய்யலாமா?

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகும்போது, தாத்தா பாட்டி அடக்கமான மண்ணுக்குப் போகும் பாதையே அடைபட்டுவிடுவதுண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 62வது பிரிவின்கீழ் மாநில அரசு நிலத்தைப் பொதுத் தேவைக்கென ஒதுக்கி கெசட்டில் வெளியிட முடியும். உங்கள் சுடுகாடு அப்படி வெளியானதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கட்டைக்குழி என்றால் செப்டம்பர், அக்டோபர் மழையில் கூரையில்லாத இடத்தில் பாதியில் அணைந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாவு வீட்டில் தண்ணி போடுவதை எப்படித் தடுப்பது?

தூக்குபவர்கள் தள்ளாடினால் நேரம் மட்டுமா போகும்? 1946, 47இல் இதே பீடோங் பக்கம், ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து கிளம்பிய தொண்டர் படை, ஏ.எம்.சாமி தலைமையில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அந்த மண்ணில் இந்தக் கேள்வி வருவது கொஞ்சம் வெட்கம்தான். மேளக்காரருக்கும் தூக்குபவருக்கும் கூலியை எடுத்து முடித்த பிறகு கொடுங்கள், முன்பணமாக வேண்டாம்.

சாம்பலை எப்போது வாங்க வேண்டும்?

சில இடங்களில் அன்று மாலையே, சில இடங்களில் மறுநாள் காலை. ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடலில் கரைப்பவர்கள் நீர் வற்றும் வேளையாகப் பார்த்துப் போனால் சாம்பல் வெளியே போகும், ஏறும் வேளையில் கரைக்கே திரும்பும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாயில் மீனவர்களைக் கேட்டால் நேரம் சொல்வார்கள். மாலையின் நெகிழிச் சரடு, பாலித்தீன் பை எதையும் நீரில் விடாதீர்கள்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

இறந்தவர் வேலையில் இருந்தவர் என்றால் பெர்கேசோவின் இறுதிச் சடங்கு உதவியைக் கேட்டுப் பாருங்கள். பெட்டி, வண்டி, சுடலைக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். ரசீதில் யார் பெயர் என்பதில் தகராறு வராமல், பணம் கொடுத்தவர் பெயரையே எழுதச் சொல்லுங்கள். சேமநிதி உறுப்பினராக இருந்தவரின் குடும்பத்துக்கு, தகுதி இருந்தால், 2,500 ரிங்கிட் மரண உதவி உண்டு. இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.