துண்டு மரத்தில் பூச்சாடி

தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டு மரங்களை நாம் பெரும்பாலும் அடுப்பிலிட்டு விடுகிறோம். அவற்றைக் கொண்டே அழகிய பூச்சாடி கடைந்தெடுக்கலாம்.

நன்கு உலர்ந்த பலா, ஈட்டி மரத்துண்டுகள் பன்னிரண்டை ஒரே நீளத்தில் அறுத்து, நிறம் மாறி மாறி வருமாறு சேர்த்தால் ஒரு வளையம் ஆகும். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளும் எதிரெதிராக 15 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வோர் அறுப்பிலும் அரைப் பாகை பிசகினால், 24 அறுப்புகளில் அது 12 பாகையாகி வளையம் பொருந்தாது. ஆதலின் பசையிடுமுன் கூட்டிப் பார்த்தல் அவசியம்.

வளையங்களைச் செங்கற்சுவர் போல அரைத்துண்டு தள்ளி அடுக்கி ஒட்டினால், இரு நிறங்களும் ஒன்றையொன்று கவ்விய கோலம் தோன்றும், இணைப்பும் உறுதிப்படும். பசை நன்றாகக் காய்ந்தபின் கூரிய உளியால் கடைசல் பிடிக்கலாம். ஈரமரம் சேர்ந்தால், அது சுருங்குகையில் இணைப்பு விட்டுவிடும்.

பொறுமையும் சரியான அளவும் இருப்பின், விறகென்று நாம் ஒதுக்கியது விலைபோகும் பொருளாகும்.