விழாமலே எலும்பு முறியும் பிள்ளைகள்



சிவகாசி, சாத்தூர் பக்கமிருந்து எலும்பு முறிவோடு வரும் பிள்ளைகளில் அநேகர் மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்தவர்கள். மாவுக்கட்டுப் போட்டால் சில வாரங்களில் ஓடத் தொடங்கிவிடுவார்கள். எப்போதோ ஒரு பிள்ளை விழாமலே வருகிறது. தூக்கத்தில் புரண்டபோது தொடை முறிந்தது என்று தாய் சொல்வாள். கூட வந்தவர்களே நம்புவதில்லை. பட்டாசு வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாள் என்பார்கள். அடித்தாயா என்றுகூடக் கேட்பார்கள்.

அவள் சொல்வது உண்மையாயிருக்கலாம். இந்நோய்க்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று பெயர். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படுகிறது. எலும்பைக் கான்கிரீட் என்று வைத்துக்கொண்டால், கால்சியம் சிமெண்டு. கொலாஜன் என்ற புரதம் உள்ளே ஓடும் கம்பி. இப்பிள்ளைகளுக்குக் கம்பியில்தான் குறை. அதனால் பாலும் கேழ்வரகும் எவ்வளவு கொடுத்தாலும் அதனால் மட்டும் தீராது. (வைட்டமின் டி குறைவால் கால் வளையும் ரிக்கெட்ஸ் வேறு, அது மருந்தில் தேறும்.) பலருக்கு விழியின் வெண்மையில் நீலம் பாய்ந்திருக்கும். அதைக் காண எக்ஸ்ரே வேண்டாம், பகல் வெளிச்சம் போதும்.

குறை மரபணுவில் இருக்கிறது. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும், அல்லது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும். சில வகைகளில் நலமாயிருக்கும் தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையில் வெளிப்படும். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் பகுதியில் இவ்வகையை மறக்கக்கூடாது. அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

வீட்டில் பாட்டிமார் குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால்களை நீவி இழுத்துக் குளிப்பாட்டுவார்கள். அன்போடு செய்வதுதான், ஆனால் இக்குழந்தைக்கு ஆகாது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல், பிட்டத்தின் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எலும்பு கரைவதைக் குறைக்கும் பாமிட்ரோனேட் மருந்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு முறிவுகள் குறைந்ததை, கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர் பிரான்சிஸ் குளோரியோவும் அவர் குழுவினரும் 1998-ல் வெளியிட்டார்கள். அதே இனத்தைச் சேர்ந்த சோலெட்ரோனிக் அமிலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பாக ஏற்றினால் போதும். வளைந்த எலும்பைத் துண்டுகளாக வெட்டி, மணி கோப்பதுபோல் கம்பியில் கோத்து நேராக்கும் அறுவையும் உண்டு. 1959-லேயே அமெரிக்க மருத்துவர்கள் சோஃபீல்டும் மில்லரும் அதை விவரித்தார்கள். இப்போது ரேடியோ ஏரியல்போலப் பிள்ளையோடு நீளும் கம்பிகளும் வந்துவிட்டன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகளின் எலும்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் வேலூர் ஓர் இரவுப் பயணம். கூலிக்குப் போகும் தாய் தகப்பனுக்கு மருந்தின் விலையைவிட இழந்த நாட்களின் கூலியே பெரும் பாரம். அருகில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. முதல் முறிவுக்காவது தூரம் போகவேண்டியதில்லை.

முறிந்துவிடுமே என்று பயந்து பிள்ளையைப் படுக்கவே வைத்திருப்பதுதான் நாங்கள் அதிகம் வாதாடும் காரியம். அசையாத எலும்பு இன்னும் மெலியும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரிலே அறைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு வைட்டமின் டி-யும் குறைந்துபோகும். கட்டுப் பிரித்ததும் தண்ணீரில் கை கால் அசைப்பது, தாங்கு கருவியோடு நிற்பது என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். அறிவில் இப்பிள்ளைகளுக்கு ஒரு குறையுமில்லை. தலைமையாசிரியர் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றி, மணியடித்ததும் கூட்டம் போகும்வரை பிள்ளையை இருக்கையிலேயே இருக்க அனுமதித்தால், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தாய் சம்மதிக்கிறாள்.