'வருமானமே இல்லை' என்ற பதிலும் குழந்தையின் பராமரிப்பு உரிமையும்

மணமுறிவுக்குப் பின் குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை கோரும் வழக்குகளில் தந்தையர் பலர் தரும் பதில் ஒன்றே: "எனக்கு நிலையான வருமானம் இல்லை." மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு அதை மறுத்துவிடும். கட்டட வேலை, வாகனம் ஓட்டுதல், ஒப்பந்தத் துப்புரவு எனக் கூலியை ரொக்கமாகப் பெறும் நம் குடும்பங்களில் அத்தகைய சீட்டே இருப்பதில்லை. சான்று தேடி அலைந்து களைத்த தாய், கிடைத்த சொற்பத் தொகைக்கு ஒப்புக்கொள்கிறாள்.

சட்டம் அவ்வளவு சுமையை அவள்மீது ஏற்றவில்லை. ஒருவர் மட்டுமே சிறப்பாக அறிந்த செய்தியை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்கிறது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 109ஆம் பிரிவு. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. எதிர்மனுதாரருக்கு நான்கு வார அவகாசம். வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவரது எதிர்வாதத்தையே நீக்கலாம். உழவுத் தொழிலில் இருப்போருக்குத் தனிப் படிவமும் உண்டு. ஆயினும் கீழமை நீதிமன்றங்கள் பல இதைப் பின்பற்றவில்லை. 2023இல் ஒரு சிறுமியின் பராமரிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே அத்தீர்ப்பை மீண்டும் சுற்றுக்கு அனுப்ப நேர்ந்தது. ஆகவே பத்திரம் எங்கே என்று முதல் வாய்தாவிலேயே கேட்பது நல்லது.

பத்திரத்தில் வருமானத்தை மறைத்திருந்தால்? களப்பணியாளரின் துணை இங்கேதான் தேவை. ரொக்கக் கூலிக்கும் தடம் உண்டு. வண்டிக் கடன் வாங்கியபோது அவரே எழுதிக்கொடுத்த மாத வருமானம், தவறாமல் கட்டிய தவணைகள், வங்கிக் கணக்கில் விழுந்த யுபிஐ வரவுகள், வருங்கால வைப்பு நிதி அல்லது இ.எஸ்.ஐ. பதிவு ஆகியவை பேசும். வங்கி இவற்றைத் தாயிடம் தராது. நீதிமன்றத்தில் மனுச்செய்து வரவழைக்க வேண்டும். அதற்கு வங்கிக் கிளை, வண்டி எண், ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றை அவள் குறித்து வைத்திருக்க வேண்டும். ஒன்றுமே கிட்டாவிட்டால், அத்தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாகக் கொள்ளுமாறு வாதிடலாம். உடல்நலமுள்ளவர் உடலுழைப்பாலேனும் ஈட்டிக் குடும்பத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று 2022இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் கூலிக்காரருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்ததாகக் கணக்கிட்டால் ஆணை தாளிலேயே தங்கிவிடும். நிலுவைக்காக அவர் சிறை சென்றால் குழந்தைக்கு அன்றைய சோறும் வராது. கேட்கும் தொகை கிடைக்கக்கூடியதாக இருப்பதே மேல்.

ஊர்ப் பஞ்சாயத்தில் "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று தாய் எழுதிக்கொடுத்த தாள் குழந்தையைக் கட்டுப்படுத்தாது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும். நிலுவையை வசூலிக்கும் மனுவை மட்டும், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.